சாராம்மாவின் மதியச் சோறு

போனுக்குள் கோழிகள் கொக்கரித்தால் அப்பா பேசுகிறார் என்று அர்த்தம். அமீரகத்தின் புஜைராவில், எங்கள் நாலாவது மாடி 'ரூமில்', அம்மாவும் நானும் அந்தச் சத்தத்துக்காகவே காத்துக் கிடப்போம். அம்மா இங்கே நர்ஸ். அப்பாவோ இஸ்ரேலில், கொச்சியிலிருந்து போய்க் குடியேறிய யூதக் குடும்பங்கள் பாலைவன மணலில் உண்டாக்கிய ஒரு சின்ன விவசாய ஊரில், எண்பது வயதுச் சாராம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தார்.

அந்த ஊரைப் பற்றி ஏதாவது கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் என்ன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று துளைத்தெடுப்பேன். அப்பா போனைத் தூக்கிக்கொண்டு கோழிக் கொட்டகை, பிளாஸ்டிக் கூரைக்குள் பூக்கும் ரோஜா, குழாயிலிருந்து செடியின் காலடியில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர், வேலி, அதற்கப்பால் வெறும் மணல் என்று காட்டிக்கொண்டே போவார். பன்னிரண்டு வயதில் அங்கே வந்து இறங்கியதும், கொச்சியின் உப்பங்கழியைத் தேடி, "காயல் எங்கே?" என்று கேட்டு அழுதாராம் சாராம்மா. வயதாக ஆக, இடையில் கற்ற ஹீப்ரு அவரிடமிருந்து நழுவிப்போய், சின்ன வயது மலையாளம் மட்டும் மிஞ்சியது. பெற்ற மகனுக்கே அது புரியாது. கேரள எல்லையோரத்து மார்த்தாண்டத்துக்காரரான அப்பாவுக்குப் புரியும். "ஒரு உருள கூடி, சாராம்மா" என்று அவர் இன்னொரு கவளத்துக்குக் கெஞ்சினால்தான் அந்த அம்மா வாய் திறப்பார்.

இரண்டு வருடம் கழித்து அப்பா பத்து நாள் 'லீவில்' புஜைராவுக்கு வந்தபோதும் அந்த உருண்டை எங்களை விடவில்லை. மதியம் இரண்டு அடித்ததும் போனை எடுத்துவிடுவார். அங்கே மகன் ஊட்ட, இங்கிருந்து அப்பா கெஞ்ச, சாராம்மா முதல் கவளத்தை விழுங்கிய பிறகே தன் சோற்றில் கை வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பதே பத்து நாள், அதிலும் பங்கா? நான்காம் நாள், அம்மா 'டூட்டிக்கு'ப் போனதும், அப்பாவின் போனை அணைத்து அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டேன்.

அப்பா வீடு முழுக்கத் தேடினார். சத்தம் போடவில்லை. "மக்களே, அவங்க பட்டினி கெடப்பாங்க, கேட்டியா?" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுத் தன் தட்டையும் மூடி வைத்தார்.

நாலு மணிவரை தாங்கினேன். பிறகு நானே போனை எடுத்துக் கொடுத்தேன். திரையில் சாராம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்தில் மகன் ஆறிப்போன சோற்றோடு உட்கார்ந்திருந்தார். அப்பா வாயெடுக்கும் முன்பே நான் கத்தினேன்: "ஒரு உருள கூடி, சாராம்மா!" அவர் மெல்லத் திரும்பினார், குரல் வந்த பக்கம் தேடினார், வாய் திறந்தார். எனக்கு வெட்கத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறு வருடம் சாராம்மா இறந்துபோனார். அப்பா எங்களோடு வந்து சேர்ந்தார். நான் ஆசைப்பட்டதென்னவோ நடந்துவிட்டது. அந்த ஊரை நான் நேரில் பார்த்ததே இல்லை, இப்போது கோழிச் சத்தமும் கேட்பதில்லை. ஆனால் லீவு நாள்களில் மூன்று பேரும் இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால், அப்பா முதல் வாய்ச் சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு, யாரோ விழுங்கட்டும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் இருப்பார். சோறு ஆறுகிறது என்று அம்மா சொல்வதில்லை. நானும் தட்டில் கை வைக்காமல் காத்திருக்கிறேன்.