கவட்டைப் பனை

எங்கள் ஊரில் யார் ஊர்க்காரன் என்பதை ஊருணிதான் தீர்மானித்தது. சித்திரையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு இறங்கித் தூர் எடுக்க வேண்டும். தூர் எடுத்த வீடு குடிக்கலாம். எடுக்காதவன் அசலூரான், அவன் வீட்டுக் குடம் படியில் இறங்கக் கூடாது. சாயல்குடிப் பக்கம் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். ஊருணி இல்லாமல் அங்கே வாழ முடியாது.

சிலோனில் தோட்டத் தமிழர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து கண்மாய்க்கரையில் குடிசை போட்டார். பஞ்சத்தில் கப்பலேறிய தன் தாத்தாவுக்கு இந்த ஊர்தான் என்றார். தூர் எடுக்கும் அன்று, யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து நின்றார்.

“ஏலே, கொழுந்து கிள்ளுற கைக்குக் கரம்ப மண்ணு வெட்ட வருமாலே?” என்றான் ஓர் இளவட்டம்.

“டீத்தண்ணி குடிச்சு வளந்தவுகளுக்கு ஊருணித் தண்ணி எதுக்கு?” என்றான் இன்னொருவன்.

“வெட்ட விட்டுப் பாருங்க தம்பி” என்று அவரும் சிரித்தார்.

ஊர்த் தலைவரான அம்பலம் சிரிக்கவில்லை. “ஒங்க தாத்தன் இந்த ஊருதாங்கிறதுக்கு என்னய்யா அத்தாட்சி?”

“அவரு புஞ்சையில ஒரு கவட்டைப் பனை நின்னுச்சுங்களாம். ஒரே மரம், மேல ரெண்டு தலை. அதைச் சொல்லிச் சொல்லியே செத்தாருங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பனை எங்கள் புஞ்சையில் நின்றது.

“வாத்தியாரே, ஒங்க அய்யா இதப்பத்தி ஏதும் சொல்லிருக்காகளா?”

சொல்லியிருந்தார். படுக்கையில் கிடந்தபோது, “அது கண்டிக்குப் போனவன் பாத்துக்கிடச் சொல்லி விட்டுட்டுப் போன புஞ்சை. அவன் வம்சத்துல எவனும் வந்தா ஏமாத்திராதப்பா” என்றார். வந்தவர் புஞ்சையைக் கேட்கவில்லை. மண் வெட்டத்தான் இடம் கேட்டார். இன்று மண்வெட்டியை ஊன்ற விட்டால் நாளை புஞ்சையைக் கேட்பார் என்று நான் கணக்குப் போட்டேன்.

“கவட்டைப் பனை எந்த ஊர்லதான் இல்ல?” என்றேன்.

ஊரே சிரித்தது. அதோடு முடிந்தது. சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றி, நாமெல்லாம் ஒரு தாய் மக்கள் என்று பேசியவனின் வாக்கு. அதற்கு மேல் யார் பேசுவார்கள்?

சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“அங்க எங்களைக் கள்ளத்தோணின்னாங்க வாத்தியாரய்யா, ஒங்க ஊருக்குப் போன்னாங்க. இங்க சிலோன்காரங்கிறாங்க. புள்ளைக்கு உப்புத் தண்ணி ஒத்துக்கலீங்க. நீங்க உங்களுக்குத் தெரிஞ்சதைத்தானே சொன்னீங்க?”

“ஆமா.”

“அப்பச் சரிங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நான் பொய் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் குடிசை காலியாக இருந்தது. மாரியூர்க் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்கள் தங்கள் மணல் ஊற்றில் அவர்களை அள்ள விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கே யாரும் தாத்தாவைப் பற்றி விசாரிக்கவில்லையாம்.

அந்த வாரமே மரம் வெட்டுகிறவரை வரச் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“கமுதி வரைக்கும் பனை வெட்டிருக்கேன். இப்பிடி ஒண்ணப் பாத்ததே இல்லய்யா. நல்லாக் காய்க்கிற மரம், இத எதுக்கு வெட்டச் சொல்றீக?”

“வெட்டு” என்றேன்.