பம்பரமும் பார்ட்னரும்

என் மனைவிக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட இரண்டு வாய்க்கு ஒரு தரம் எழுந்து போய் எதையாவது நகர்த்தி வைத்துவிட்டு வருவாள். சலவைக்கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். நானோ கார் நிறுத்துமிடம் ஒன்றின் வாசலில் காவலாளி. உட்கார்ந்திருப்பதற்கென்றே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்த பெரியம்மாவை இன்றைக்கும் அவ்வப்போது மனதுக்குள் நிற்க வைத்துக் கேள்வி கேட்பேன்.

பிழைப்புக்காக நாடு விட்டு நாங்கள் வந்து சேர்ந்த ஊர் இது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளெல்லாம் அந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். துவைத்த விரிப்பு, இஸ்திரி மெஷினின் சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து சுடச்சுட வெளியே வந்ததும், இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதற வேண்டும். பிறகு கையை நீட்டிக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்து, ஒருத்தி கொடுக்க மற்றவள் வாங்கி மடிக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே நடைதான்.

இந்த வேலையில் என் மனைவிக்கு வாய்த்த ஜோடி நெட்டை. பெயருக்கு ஏற்ற உயரம். எங்கள் பக்கத்து நாட்டுக்காரி. எங்கள் நாட்டுக்கும் அவர்கள் நாட்டுக்கும் எல்லைத் தகராறு, எங்கள் தாத்தா காலத்திலிருந்து. அதனால் இரண்டு பேரும் மலைமலையாக விரிப்பு மடித்தும் ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் மூஞ்சியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது என்று இவள் வீட்டில் வந்து சொல்வாள். பார்க்காமலே எப்படிப் பற்றிக்கொள்ளும் என்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் சூப்பர்வைசருக்கு ஷட்டில் பைத்தியம் பிடித்தது. பின்பக்க முற்றத்தில் இரண்டு தள்ளுவண்டிகளை நிறுத்தி நடுவே வலையைக் கட்டிவிட்டார். ஒரே மேஜையில் மடிக்கிறவர்கள் ஒரு ஜோடி, மாற்றமெல்லாம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். என் மனைவி வேண்டா வெறுப்பாகப் பேட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் ஆட்டத்தில் நடந்ததை அங்கிருந்தவர்கள் இன்றும் நடித்துக் காட்டுவார்கள். நெட்டை ஒரு அடி அடித்தாள். அடித்த கையோடு இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு, எதிரே இருந்த வலையை விட்டுவிட்டு, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். விரிப்பு மடிக்கிற நடை! ஷட்டில் காக் பின்னால் விழுந்தது. அடுத்த அடிக்கும் அதே கதை. அதற்கடுத்த அடிக்குத் தலையும் தலையும் மோதியது. மற்ற மேஜைக்காரர்கள் யாரும் இப்படிச் செய்யவில்லை. அவர்கள் பேசிச் சிரித்து மடிக்கிறவர்கள். இவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நடை ஒன்றுதான், உடம்பு பாவம் வேறென்ன செய்யும்?

நெற்றி வீங்கி வீட்டுக்கு வந்தாள். அந்த நெட்டை தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள் என்று எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் தானே சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர்களை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. ஒருத்தி முன்னே போனால் மற்றவள் பின்னே போவாள், சொல்லாமலே நடக்கும். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இந்த ஊர் பாஷைதான், அதுவும் அரைகுறை. அதை வைத்துக்கொண்டே தோள்வலித் தைலத்தில் ஆரம்பித்துக் குடும்பக் கதை வரைக்கும் போனார்கள். ஒருவரையொருவர் பார்ட்னர் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். என் மனைவி தன் தம்பி எல்லையில் படைவீரன் என்று ஒருநாள் சொன்னாளாம். நெட்டை, தன் மகனும் அங்கேதான், அந்தப் பக்கம் என்றாளாம். அதோடு அந்தப் பேச்சை இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

பிறகு எல்லையில் சண்டை மூண்டது. மச்சினன் போனை எடுக்கவில்லை. அவனுக்கு என் மனைவி அக்கா என்றுதான் பெயர். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொன்னால் பொய். எல்லாம் தாறுமாறாக ஓடின. துவைத்த திரைச்சீலையை மறுபடி துவைத்தாள். அலமாரியைச் சுவரைவிட்டு இழுத்தாள், மறுபடி தள்ளினாள். நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால் என்னையும் நாற்காலியோடு சேர்த்து நகர்த்திவிட்டுக் கூட்டினாள்.

சலவைக்கூடத்தில் சாப்பாட்டு மேஜைகள் நாடு நாடாகப் பிரிந்துவிட்டன. சூப்பர்வைசர் வலையைக் கழற்றினார். நெட்டையையும் இவளையும் வேறு வேறு மேஜைக்கு மாற்றினார். இவள் மறுப்புச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டதே இவள்தான். பாவம் அவள் என்ன செய்வாள் என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"அவ பையன் கையில துப்பாக்கி இருக்கு. எதிர்ல என் தம்பி நிக்கிறான். இனிமே அவ பக்கத்துல நான் எப்படிங்க நிப்பேன்?" என்றாள்.

அவள் கோபத்தில் எனக்கும் பாதி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. "மாமா, அக்கா இருக்காளா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பிடுங்கிக்கொண்டாள். அழுதாள், திட்டினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். கையில் அடி, உயிருக்கு ஒன்றுமில்லை. சண்டை நின்றிருக்கிறது, எத்தனை நாளைக்கோ தெரியாது என்றான். போனை வைத்ததும் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். நான் டீ போடப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"அவளுக்குப் போன் வந்திருக்குமா?"

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இப்போது போகாதே என்றேன். நம் பிள்ளை பிழைத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றால் எப்படி இருக்கும் என்றேன். நியாயமான கேள்விதான்.

"தெரியல. ஆனா இங்க என்னால இருக்க முடியல" என்று சொல்லிவிட்டு வீட்டில் கிடந்த இரண்டு பேட்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கும் தெரிந்திருக்காது. நானும் கூடவே கிளம்பினேன்.

நெட்டை குடியிருந்த கட்டடத்தில் முழுக்க அவர்கள் நாட்டுக்காரர்கள். படிக்கட்டில் நின்றவர்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர் பேட்டைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், ஒதுங்கி வழிவிட்டார்.

கதவு திறந்தே இருந்தது. கட்டிலைச் சுவரைவிட்டு இழுத்து அறையின் நடுவில் போட்டிருந்தது. சமையல் பாத்திரமெல்லாம் கழுவித் தரையில் பரப்பியிருந்தது. ஈரத்துணியோடு நின்ற நெட்டை எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதைத்தான்:

"உன் தம்பி?"

என் மனைவி, பேசினான், இருக்கிறான் என்றாள். நெட்டை கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். இவள் திரும்பக் கேட்க வாய் வராமல் நிற்க, அவளே இன்னும் வரவில்லை என்றாள்.

என் மனைவி ஒரு பேட்டை நீட்டினாள். நெட்டை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாங்கிக்கொண்டாள். மூவரும் கட்டடத்தின் பின்பக்கம் இறங்கினோம். நெட்டை தன் போனை என் கையில் வைத்து, அடித்தால் கூப்பிடுங்கள் என்றாள். நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வலை இல்லை, கோடு இல்லை, கணக்கும் இல்லை. எதிரெதிரே நின்றுகொண்டு ஷட்டில் காக் கீழே விழாமல் அடித்தார்கள், அவ்வளவுதான். மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. மாடிகளில் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தபடி இருந்தேன். அந்தப் பையனை நான் கண்ணால் கண்டதில்லை. எங்கள் படை ஜெயிக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் டிவி முன்னால் தவம் கிடந்தேன். இப்போது அவன் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டும் ஒரே மனதில் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இருந்தது.

போன் அடித்தது. எழுந்து ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டு ஓடினேன். அவர்களிடம் போய்ச் சேர்வதற்குள் அடித்து ஓய்ந்துவிட்டது. முன்பின் தெரியாத எண் என்றாள் நெட்டை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மறுபடி அடித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீ எடு, பார்ட்னர்."

"எனக்கு உங்க பாஷை தெரியாதே."

"தெரிய வேணாம். நீயே எடு."

என் மனைவி போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் யாரோ படபடவென்று பேசுவது எனக்கே கேட்டது. இவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். நெட்டை இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்ன வயசுக் குரல். ஒண்ணும் புரியல. ஆனா மூச்சு விடாம திட்டுறான்" என்றாள் என் மனைவி. அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "கெட்ட சேதி சொல்றவன் இப்படித் திட்ட மாட்டான். ஏன் போனை எடுக்கலன்னு பெத்த பிள்ளைதான் இப்படித் திட்டும். பிடி."

நெட்டை போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அவள் மகன் திட்டிக்கொண்டே இருந்தான். அவள் நிறுத்தச் சொல்லவில்லை.