மாஸ்டர் ஊதி ஆற வைத்த பல்

குமாசி நகரத்தில் செயற்கைப் பல் செய்கிறவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். தன்னைத் தவிர மற்ற ஒன்பது பேரும் சட்டி பானை செய்யப் போயிருக்க வேண்டியவர்கள் என்பது ஓபிரி மாஸ்டரின் தீர்ப்பு. பல் டாக்டரின் கட்டடத்தின் பின்னறையில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருப்பார். பையில் நான்கு பேனா. எழுதுவது ஒன்றும் கிடையாது.

அவருடைய பெரிய வித்தை, சூளையிலிருந்து பல்லை எடுப்பது. சூளை வாய் திறந்ததும், செக்கச்செவேலென்று இருக்கும் பல்லை இடுக்கியால் வெளியே இழுத்து, காற்றில் வீசி, வாயால் இரண்டு ஊது ஊதுவார். உலோகக் கூட்டின்மேல் பீங்கான் பூசிச் சுட்ட காலத்துப் பழக்கம். உலோகம் அந்தக் கூத்தைத் தாங்கியது. புதிதாக வந்த சிர்கோனியா என்ற வெள்ளைக் கூடு தாங்கவில்லை.

பக்கத்து மேசை அஃப்ராகோமா சொல்லிப் பார்த்தாள். "மாஸ்டர், உலோகம் சூட்டைச் சட்டுனு விட்டுடும். இது விடாது. மேல பீங்கான் இறுகிடுது, உள்ள இன்னும் கொதிக்குது. அப்புறம் உள்ள ஆறிச் சுருங்கப் பாக்கும், மேல்தோல் விடாது. அந்த இழுபறி பல்லுக்குள்ளயே மாட்டிக்கும். என்னிக்காவது பட்டுனு தெறிக்கும். சூளையை மூடி வச்சு மெதுவா ஆற விடுங்க."

"நீ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே நான் பல்லு சுட்டவன்மா."

"தெரியுது. இன்னும் அதே மாதிரியேதான் சுடறீங்க."

தெறித்தது யார் பல் என்றால், அவருடைய மனைவி செர்வாவின் முன்பல். நிச்சயதார்த்தங்களில் பெண் வீட்டுக்காகப் பேசுகிறவள் செர்வா. மாப்பிள்ளை வீட்டாரை வாசலிலேயே நிறுத்தி, கேலி பண்ணிச் சிரித்து, இன்னும் இரண்டு பெட்டி துணி கறக்காமல் உள்ளே விடமாட்டாள். சனிக்கிழமை அவளுடைய சொந்த அண்ணன் மகளுக்கு நிச்சயம். புதன்கிழமை சுட்ட வாழைக்காயும் வேர்க்கடலையும் தின்றுகொண்டிருந்தவள், பீங்கான் சில்லு ஒன்றைத் துப்பி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மூணு மாசத்துல ரெண்டாவது. வாயைக் கையால மூடிக்கிட்டு நான் என்னத்தப் பேசுறது? சனிக்கிழமைக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன்."

"நீ கடலையை மென்ன விதம் சரியில்ல."

"பல்லுன்னா மெல்லத்தானேய்யா? ஃபோட்டோவுக்கு மட்டுமா செஞ்ச?"

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. கோபம் என்று சொல்லிக்கொண்டார். மறுநாள் காலை மற்ற வேலைகளைத் தள்ளிவிட்டு மூன்றாவது பல்லைத் தொடங்கினார். செர்வாவின் பக்கத்துப் பல்லில் இருக்கும் மங்கலான ஒரு கீறலைக்கூட நினைவிலிருந்தே புதுப் பல்லில் வரைந்தார். அது இருப்பது அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை நண்பகல். சூளை மணி அடித்தது. இடுக்கியோடு எழுந்தார். கரண்டு போனது. மோட்டாரில் திறக்கும் சூளை. வாய் மூடியபடியே நின்றுவிட்டது.

தட்டினார். நெம்பினார். மின்சாரக்காரர்களின் ஏழு தலைமுறையையும் திட்டினார். பிறகு தரையில் உட்கார்ந்து, பல் வீணாகிவிட்டது, சனிக்கிழமை செர்வா இடத்தில் வேறொருத்தி நிற்பாள் என்று சூளையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தபோது பல் வெதுவெதுப்பாக இருந்தது. ஊத எதுவும் மிச்சமில்லை. வேறு வழியும் இல்லை. மாலையில் டாக்டர் அதையே ஒட்டினார்.

சனிக்கிழமை முற்றம் நிறைய ஜனம். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சுக்காரி, "வெறுங்கையோட வந்தா எங்க பையன் என்ன குறைஞ்சா போயிடுவான்?" என்றாள். செர்வா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. பிறகு ஒரு பிடி கடலையை வாயில் போட்டு, எல்லோரையும் காக்க வைத்து, நிதானமாக மென்றாள். மாஸ்டர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். சில்லு எதுவும் வரவில்லை.

"நல்லா ஆறியிருக்கு," என்றாள் பின்வரிசையிலிருந்த அஃப்ராகோமா. "என்ன பண்ணீங்க மாஸ்டர்?"

கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாயைத் திறந்தார். ஒரு பெரிய கதை வெளியே வரப் பார்த்தது. அதற்குள் செர்வா மறுபடி சிரித்துவிட்டாள்.

"ஒண்ணும் பண்ணல," என்றார்.