பெட்ரோல் ஷெட்டில் பொருளாதார ஆராய்ச்சி

லண்டனில், லூயிஷாம் பகுதியில், மழைக்கு ஒரு பெட்ரோல் ஷெட்டில் ஒதுங்கி நிற்கிறேன். கல்லாவில் இருப்பவர் கசகஸ்தான் மாணவர் தவ்லெத். எண்ணெயை மட்டுமே நம்பாமல் ஒரு நாடு பிழைப்பது எப்படி என்று ஆராய இங்கே வந்தவர். எண்ணெய் விலை விழுந்ததும், எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் அப்பாவால் பணம் அனுப்ப முடியவில்லை. ஆகவே மகன் பெட்ரோல் விற்கிறார்.

நான் சிரிப்பை அடக்குவதை ஷெட் முதலாளி சிவம் பார்த்துவிடுகிறார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"சிரிக்காதேங்கோ அண்ணை. பெட்ரோலில எனக்கு என்ன மிஞ்சுது? கடையைக் காப்பாத்துறது என்ர மனுசி பொரிக்கிற மட்டன் ரோல்ஸ்தான். இவற்ற நாட்டுக்கும் அதைத்தான் சொல்லுறன்."

"ஆய்வேட்டில் பரிந்துரையாகவே எழுதிவிட்டேன்," என்கிறார், 'ரோல்ஸ்' என்ற சொல்லிலேயே பேச்சைப் புரிந்துகொண்ட தவ்லெத், ஆங்கிலத்தில், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கதவு திறக்கிறது. ஒருவர் வந்து நான்கு ரோல்ஸ் வாங்குகிறார். வெளியே, பெட்ரோல் பம்புக்குப் பக்கத்தில், அவருடைய சைக்கிள் நனைந்துகொண்டிருக்கிறது.