ராஜா தாண்டிய கட்டம்

பிள்ளைகளே, நீங்கள் படத்தில்கூடப் பார்த்திராத உங்கள் பெரியப்பாவைப் பற்றி எழுதுகிறேன். அப்போது நாங்கள் மலையாளச் சீமையில், கரமனையில் இருந்தோம். அண்ணா பரீட்சை தேறியும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தார். எங்கள் சதுரங்க சங்கத்தின் தலைவர் ஒரு பாங்கு மேனேஜர். ஊர்ச் சங்கங்களுக்குள் லீக் பந்தயம் வந்தபோது அவர் அண்ணாவிடம், "கடைசி ஆட்டத்துல ஜெயிச்சுக் காட்டு. திங்கட்கிழமை பாங்குல வந்து உக்காரலாம்" என்றார்.

பந்தயம் வெள்ளைக்காரர் முறைப்படி. நாங்கள் ஆடிப் பழகியது நாட்டு முறை. அதில் காலாள் ஒவ்வொரு கட்டமாகத்தான் போகும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப்போலத் தாண்டலாம். வெள்ளைக்காரர் முறையில் காலாள் முதலில் இரண்டு கட்டம் போகலாம். ராஜா தாண்டக் கூடாது, அதுவரை நகராமல் இருந்து, யானைப் பக்கம் இரண்டு கட்டம் போய் யானையை மறுபக்கம் வைத்துக் கோட்டைதான் கட்டிக்கொள்ள வேண்டும். அண்ணா என்னை எதிரில் உட்காரவைத்து, தொடக்கத்தையே திரும்பத் திரும்பப் பழகினார்.

"இந்தக் காலாளுக்கு என்ன அவசரம் பாத்தியாடா? ஆபீசுக்கு நேரமாயிடுத்தாக்கும்!" என்று சிரிப்பார்.

பந்தயத்தில் எதிரே உட்கார்ந்தவர் ஒரு மலையாள குமாஸ்தா. அண்ணா ராஜாவின் காலாளை இரண்டு கட்டம் தள்ளினார். குதிரை வெளியே வந்தது. எல்லாம் பழகியபடியே. பிறகு, யோசனையில் ஆழ்ந்தவர், வலப்பக்கக் காலாள் ஒன்றை ஒரு கட்டம் நகர்த்தினார். எங்கள் நாட்டு முறையில் ராஜா தாண்ட இடம் ஒழிப்பது அப்படித்தான். பக்கத்தில் நின்று பார்த்த நான் வாய் திறந்து சொல்லக் கூடாது. அடுத்த முறை அவர் கை ராஜாவை எடுத்து, அந்தக் காலி இடத்தில் தாண்டி வைத்தது.

"ராஜாவு குதிரைப்புறத்து ஏறியோ சாமி?" என்று, குதிரைமேல் ஏறிவிட்ட ராஜாவைக் கேலி செய்தார் குமாஸ்தா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும் என்றார் நடுவர். அண்ணா ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். இனிக் கோட்டை கிடையாது. நடுப்பலகையில் அகப்பட்ட ராஜாவைக் குமாஸ்தா கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி முடித்தார்.

மேனேஜர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அண்ணா குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்கேடா கிளம்பறே?" என்று அம்மா கேட்டாள். "எங்கேயும் இல்லேம்மா" என்று சட்டையைக் கழற்றினார்.

பிறகு ரங்கூனில் வேலை என்று யாரோ சொல்ல, கப்பலேறினார். யுத்தம் வந்தது. அங்கிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர்களை அப்பா ஒவ்வொருவராகத் தேடிப்போய் விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

நீங்கள் சதுரங்கம் ஆடும்போது, ராஜாவுக்குக் கோட்டை கட்டுகிற சமயம் பார்த்து நான் எழுந்து போய்விடுவதாகக் குறைப்படுகிறீர்கள். காரணம் இதுதான்.