கல்யாண வேட்டியும் கந்தக வாசனையும்

இன்று காலை அடுப்பில் முட்டையை வைத்துவிட்டுத் தங்கையோடு ஃபோனில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, வீடு முழுக்க ஒரே நாற்றம். மாடியிலிருந்து இறங்கி வந்த இவர், "என்ன ஸ்மெல் இது? கேஸ் லீக் ஆகுதா?" என்று கேட்டுக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அதை மோந்துகொண்டே நின்றேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால், இதே நாற்றத்துக்காக இந்த மனிதரை ஒரு மாதம் வேவு பார்த்தவள் நான்.

அப்போது நாங்கள் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருந்தோம். இவர் ஒரு வங்கியில் கான்ட்ராக்டர். நான் வேலைக்குப் போக அனுமதி இல்லாத விசாவில் வந்தவள். தாம்பரத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். பரீட்சை ஹாலில் எவன் பிட் அடிக்கிறான் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தத் திறமைக்கு அமெரிக்காவில் மிச்சமிருந்த ஒரே மாணவர் இவர்தான், பாவம்.

அது கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் போட்டிருந்த வருடம். நல்லபடியாக முடியவேண்டும் என்று பெருமாளுக்கு நான்தான் வேண்டிக்கொண்டேன். புரட்டாசி முழுக்க இருவரும் அசைவம் தொடமாட்டோம், முட்டைகூட வீட்டுக்குள் வராது என்று. இவரும் தலையை ஆட்டினார். ரொம்ப வேகமாக ஆட்டினார் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

முதல் சனிக்கிழமையே, "ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு, சாயங்காலம்தான் வருவேன்" என்று போனார். வந்தபோது சட்டையில் அழுகிய முட்டை வாசனை. நகக்கண்ணில் கறுப்பு.

"என்னங்க ஸ்மெல் இது?"

"ட்ரெயின்ல எவனோ என்னவோ சாப்பிட்டான்."

அடுத்த சனிக்கிழமையும் அதே ரிலீஸ், அதே ட்ரெயின், அதே முட்டை. ஒரே ஆள் எப்படி வாராவாரம் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை சாப்பிடுவான்? சட்டையை வாஷிங் மெஷினில் போடாமல் பையில் கட்டி ஒளித்து வைத்தேன். அவ்வப்போது எடுத்து மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். ஊரில் அம்மா, தங்கை, ஸ்டாஃப் ரூம் என்று எனக்கு ஆட்கள் இருந்தார்கள். இங்கே எனக்கு இருந்தது இவர் ஒருவர்தான். இவரே பொய் சொல்கிறார் என்றால் இந்தத் தேசத்தில் எனக்கு வேறு யாரும் இல்லை.

மூன்றாம் வாரம் பெருமாள் படத்துக்கு முன்னால் விரிக்கத் துணி தேடிப் பெட்டியைத் திறந்தபோது, கல்யாண வேட்டியைப் பார்த்தேன். முகூர்த்தப் பட்டு இல்லை. நலங்குக்குக் கட்டிய மயில்கண் கரை வைத்த பருத்தி வேட்டி. அதன் ஒரு ஓரத்தில் சாண் நீளத்துக்குக் கத்தரித்திருந்தது. எலி கடித்த மாதிரிகூட இல்லை, ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி. அன்று நான் முட்டையை மறந்துவிட்டேன். வேறொரு வீடு, வேறொரு சமையலறை, அங்கே ஒரு பெண் என்று என் புத்தி எங்கெங்கோ போனது. அவளுக்கு வேட்டித் துணி எதற்கு என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

நான்காவது சனிக்கிழமை இவர் ஆபீஸ் நம்பருக்கே ஃபோன் பண்ணினேன். மறந்துபோன சார்ஜரை எடுக்க வந்த ஒரு சென்னைப் பையன் எடுத்தான்.

"ரிலீஸா? அது அடுத்த மாசம்தானே சிஸ்டர்?"

சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன். "யாருங்க அவ?"

இவர் ஒரு கால் செருப்போடு நிமிர்ந்தார். பிறகு, "ஃப்ராங்க்" என்றார்.

ஃப்ராங்க், பக்கத்து சீட்டில் வேலை பார்க்கும் அறுபது வயதுக்காரர். டிசம்பரில் மான் வேட்டைக்குப் போகிறவர். நியூ ஜெர்சியில் மானுக்குச் சாதாரண ரைஃபிள் கூடாதாம். ஒவ்வொரு முறையும் குழாயின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்கிச் சுடுகிற பழைய பாணித் துப்பாக்கி வேண்டுமாம். சீசனுக்கு முன்னால் அதற்குக் குறி சரிபார்க்க வாராவாரம் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறார்கள் என்றார்.

"துப்பாக்கியா! நம்ம விசாவுல இருந்துக்கிட்டா?"

"நான் தொடவே மாட்டேன். குறி பேப்பர்ல ஓட்டை எங்க விழுந்துச்சுன்னு டெலஸ்கோப்ல பாத்துச் சொல்றதோட சரி. உன்கிட்ட சொன்னா நீ உங்கம்மாகிட்ட சொல்லுவ. அவங்க தாம்பரம் பூரா சொல்லுவாங்க."

"புரட்டாசில மானைக் கொல்றதுக்குத் துணை போறீங்களா?"

"இப்ப சுடறது பேப்பரைத்தான்."

நான் நம்பவில்லை. பிட்டோடு மாட்டியவன் எல்லாம் இதைவிட நல்ல கதை சொல்லியிருக்கிறான். ஐந்தாவது சனிக்கிழமை, ஸ்டேஷன் பக்கத்தில் இவர் வாராவாரம் ரகசியமாக வாடகைக்கு எடுத்த காரில் நானும் ஏறிக்கொண்டேன். வடக்கே ஒன்றரை மணி நேரம். கடைசியில் காட்டு ஓரத்தில் நிஜமாகவே ஒரு ரேஞ்ச் இருந்தது. வெள்ளைத் தாடியோடு ஒரு ஃப்ராங்க்கும் இருந்தார். அப்போதும் எனக்கு, முன்கூட்டியே பேசி வைத்து நடிக்கிறார்களோ என்றுதான் இருந்தது.

ஃப்ராங்க் சுட்டார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை. பேப்பரே தெரியவில்லை. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் இருக்குமே, அந்தக் கந்தக நெடியோடு முட்டை நாற்றம். புகை கலைந்ததும் இவர் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து, "லோ, ரைட்" என்றார். வீட்டில் கேட்டே இராத குரல், அத்தனை நிச்சயமாக இருந்தது. "மூணு வருஷமா ஸ்க்ரீனையே பாத்துட்டிருக்கேன். இங்க ஓட்டை விழுந்தா விழுந்ததுதான், எவனும் மீட்டிங் போட மாட்டான்" என்றார் என்னிடம்.

ஃப்ராங்க் துப்பாக்கியின் பின்பக்கக் குறிமுள்ளைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, கொஞ்சம் உயர்த்தினார். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு குழாய்க்குள் படியும் கரியைத் துடைக்காவிட்டால் அடுத்த குண்டு தடம் மாறிப் போகுமாம். அவர் ஒரு டப்பாவைத் திறந்து துணித்துண்டு ஒன்றை எடுத்து, நனைத்து, கம்பி நுனியில் சுற்றினார். அதன் ஓரத்தில் மயில்கண் கரை.

"ஹண்ட்ரட் பர்சன்ட் காட்டன்! பெஸ்ட் பேட்ச்!" என்று ஃப்ராங்க் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "பாலியஸ்டர் கலந்தா உருகி உள்ள ஒட்டிக்குமாம். வீட்ல எல்லா டிஷர்ட்டும் பாலியஸ்டர். சுத்தமான காட்டன்னா அது ஒண்ணுதான் இருந்துச்சு."

கல்யாண வேட்டியைக் கிழித்ததற்கு எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் அங்கேயே ருத்ரதாண்டவம் ஆடியிருப்பாள். நானோ அழுகையும் சிரிப்புமாக, அந்தக் கரி படிந்த துண்டை ஃப்ராங்க்கிடம் கேட்டு வாங்கி முகத்தருகே கொண்டுபோனேன். முட்டை வாசனை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பி வரும்போது, வேட்டியில் மிச்சத்தையும் வெட்டிக்கொள்ளச் சொன்னேன்.

கிரீன் கார்டு ரொம்ப வருடம் கழித்து வந்தது. ஃப்ராங்க் ஓய்வுபெற்று ஃப்ளோரிடா போனார். துப்பாக்கியை விற்றுவிட்டதாகக் கேள்வி. அந்த ரேஞ்சை மூடி, பக்கத்தில் வீடுகள் கட்டிவிட்டார்கள். இவர் எங்கே இருக்கிறார் என்று இப்போது என் ஃபோனே நீலப் புள்ளி வைத்துக் காட்டும். நான் பார்ப்பதில்லை.

இன்று காலை ஜன்னலைத் திறந்தபோது, எங்கே போகிறேன் என்று இவர் சொல்லிவிட்டுத்தான் போனார். கோஸ்ட்கோவா, கோயிலா, என் காதில் விழவில்லை. மத்தியானம் வந்து சட்டையைக் கழற்றி மெஷினில் போட்டார், நானே பட்டனை அழுத்தினேன். தண்ணீர் நிறைந்து சட்டை சுழல ஆரம்பித்த பிறகுதான், அதை மோந்து பார்க்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது.