அக்காவின் நெஞ்சில் விழுந்த நிழல்: திருத்தணி அடிவாரத்தில் ஒரு எக்ஸ்ரே

ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்குப் போய் வந்தோம். கிருத்திகை இல்லை, வேறு விசேஷமும் இல்லை. என் அக்கா தனலட்சுமி தன் தலைமுடியை முருகனுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள், அதற்காகத்தான். கோயிலுக்குப் போகிறவர்களுக்கும், வீட்டில் இருமலோடு ஒருவரை வைத்துக்கொண்டு கவலைப்படுகிறவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

அக்கா பொதட்டூர்பேட்டையில் இருக்கிறாள். வீட்டோடு இரண்டு பவர்லூம், அவளும் அவள் வீட்டுக்காரர், எங்கள் பாவாவும்தான் ஓட்டுகிறார்கள். மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை என்று அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வெளியூர் ஸ்கேன் சென்டர் ஒன்றில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பக்கம் நிழல் தெரிகிறது, டிபியாக இருக்கலாம், சிடி ஸ்கேன் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்து வீட்டில்தான் இருக்கிறாள். பெண் குழந்தை, இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. படம் எடுத்த அன்றே அக்கா தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தறிக் கொட்டகைக்குக் குடிபோய்விட்டாள். பேத்தியை வாசற்படியில் நின்று பார்ப்பதோடு சரி. குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொள்வாளாம். சிடி ஸ்கேனுக்குத் திங்கட்கிழமை நேரம் கிடைத்திருந்தது. அதற்கு முன்பே முடியைக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். "நல்லபடியா வந்தா தரேன்னு அவன்கிட்ட பேரம் பேச மாட்டேன். முதல்ல குடுத்துடறேன், அப்புறம் அவன் இஷ்டம்" என்று போனில் சொன்னாள்.

நான் அம்பத்தூரிலிருந்து விடியற்காலை மின்சார ரயிலில் கிளம்பினேன். டிக்கெட் இருபது ரூபாய். ஏறும் முன் பலகையைப் பாருங்கள். பாதி வண்டிகள் அரக்கோணத்தோடு நின்றுவிடும், திருத்தணி வரை போகிற வண்டிதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அரக்கோணம் வரை நின்றுகொண்டே போனேன், அதற்குப் பிறகு ஜன்னலோரமே கிடைத்தது. எட்டரைக்கெல்லாம் திருத்தணி. பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் இருபது கிலோமீட்டர் சொச்சம் வந்து அக்காவும் பாவாவும் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்கள். அக்கா முகத்தில் மாஸ்க். கட்டிப்பிடிக்கப் போனேன், இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

படியேறிப் போவதுதான் எங்கள் வழக்கம். இருமலோடு அவளை ஏற்ற முடியாது என்று ஆட்டோ பிடித்தோம். மலைக்கு இருநூறு கேட்டார், நூற்றெண்பதுக்கு ஒத்துக்கொண்டார். வளைவுகளில் அக்கா இருமிக்கொண்டே வந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னாம்மா, நெஞ்சு சளியா?"

"ஆங், மூணு வாரமா இருமிகினே கீறா" என்றார் பாவா.

"கீழ கல்யாண மண்டபத்துல இன்னைக்கு கேம்ப் போட்டுகீறாங்க. ரெண்டு டாக்டருங்க, அவங்களே செஞ்ச மிஷினாம். கேமரா கணக்கா இருக்கு. தறிக்காரங்ககிட்ட காசு வாங்கறதில்ல. நானே காலைல எங்க அம்மாவ இட்டுகினு போயி படம் எடுத்துட்டேன்."

"கேமராவுல நுரையீரல் எங்கய்யா தெரியப் போவுது" என்று பாவா சிரித்தார். நான் மட்டும் மண்டபத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

மலையில் மொட்டை போட இப்போது கட்டணம் கிடையாது. சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அக்காவின் முடி இடுப்பைத் தாண்டும். தண்ணீர் தெளித்த நாவிதர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பூமுடியா நுனி மட்டும் குடுத்தா போதும்மா. பொம்பளைங்க நெறைய பேர் அப்படித்தான் குடுக்கறாங்க" என்றார்.

"முழுசா எடுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாவா கோபுரத்தைப் பார்த்தபடி அந்தப் பக்கம் திரும்பி நின்றார். குளித்துச் சந்தனம் பூசி, பொது வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று தரிசனம் செய்தோம். நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: அந்தக் குழந்தையை இவள் தூக்க வேண்டும்.

இறங்கி வரும்போது பதினொன்றரை. நாளைக்குத்தான் பெரிய ஸ்கேன் இருக்கிறதே, இது எதற்கு என்று பாவா இழுத்தார். பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று நான்தான் மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவுக்காரர்கள் முப்பது பேர் வரை உட்கார்ந்திருந்தார்கள். மணமேடை இருக்கும் இடத்தில் துணி மறைப்பு. உள்ளே ஒரு பெண் டாக்டர், அவரோடு படித்த ஆண் டாக்டர் ஒருவர். அவர் படங்களைப் பார்த்துச் சொல்கிறவர். மிஷின் நிஜமாகவே பெரிய கேமரா அளவுதான். ஒரு தாங்கியில் மாட்டியிருந்தது. எதிரே பரீட்சை அட்டை மாதிரி ஒரு பலகை. அதில் நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டும். கரண்ட் வேண்டாம், பேட்டரியில் ஓடுகிறது. படம் உடனே லேப்டாப்பில் வந்துவிடுகிறது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

ஆண் டாக்டர் லேப்டாப்பைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். "படம் சுத்தமா இருக்கும்மா. நிழல் எதுவும் இல்ல."

நாங்கள் சந்தோஷப்படவில்லை, உண்மையைச் சொல்கிறேன். பயம்தான் அதிகமானது. பாவா பையிலிருந்து பழைய படத்தை உருவி மேஜையில் வைத்தார். "அம்மாம் பெரிய மிஷின்ல தெரிஞ்சது, இந்தக் குட்டிப் பொட்டிக்குத் தெரியலையா சார்? எதை நாங்க நம்பறது?"

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. பழைய படத்தை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, பெண் டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் பார்த்தார்கள். பிறகு பெண் டாக்டர் அக்காவின் சந்தனத் தலையைப் பார்த்தார்.

"மொட்டை எப்போம்மா போட்டீங்க?"

"இப்பதான், மலையில."

"முதல் படம் எடுக்கும்போது முடி எப்படி இருந்துச்சு?"

அக்காவுக்குச் சொல்லக் கூச்சம். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வெள்ளிக்கிழமை இல்லீங்களா, எண்ணெய் தேச்சு தலைக்கு ஊத்திகினு ஈரத்தோடவே பின்னிகினு போனேன். அங்க ஒரு அங்கி மாட்டிக்கச் சொன்னாங்க, கழுத்து ஒரே லூசு. படம் எடுக்கறது ஆம்பளைப் பையன். அதான் பின்னலை மடிச்சு வலது தோள் மேல முன்னால இழுத்து வுட்டுகினேன்."

"பாருங்க" என்று டாக்டரம்மா படத்தின் மேல் விரல் வைத்தார். "இந்த நிழல் நுரையீரலோட நிக்கல. தோள் எலும்பைத் தாண்டி கழுத்துக்கு மேல போவுது. நுரையீரல்ல இருக்கற நோயோட நிழல் இப்படிக் கழுத்து வரைக்கும் ஏறாது. இது உங்க ஈரப் பின்னல்."

பாவா நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. டாக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார், "உங்க பின்னல்ல சவுரி முடி வெச்சிருக்கீங்களா?"

இருக்கிறது. பத்து வருடமாக இருக்கிறது. என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. மறைப்புக்குள் போய்க் கழற்றி, தனியாகப் பின்னி, தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். எங்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஆள் இல்லாமல் வெறும் பலகையில் சவுரியை ஒட்டவைத்துப் படம் எடுத்தார்கள். லேப்டாப்பில் வெள்ளையாக, கோடு கோடாக, முறுக்கு முறுக்காக ஒரு நிழல். பழைய படத்தைப் பக்கத்தில் பிடித்தார்கள். அதே கோடு, அதே முறுக்கு.

"அடிப்பாவி, உனக்குச் சவுரியா! என் முடியப் பார்த்து, எங்க வம்சத்து முடின்னு ஊர்பூரா சொல்லிகினு திரிஞ்சியே!" என்றாள் அக்கா. மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, நானும் அழுதேன்.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னது ஒன்று உண்டு. படம் சுத்தம் என்பதோடு விட்டுவிடக் கூடாது, அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அது வரும்வரை மாஸ்க் வேண்டும். சிடி ஸ்கேன் நாளைக்கு வேண்டாம், சளி முடிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டம் குறைந்ததும் பாவா வாயை அடக்காமல் கேட்டுவிட்டார். "டாக்டருக்குப் படிச்சிட்டு ஏம்மா வியாபாரத்துல எறங்கினீங்க?"

"பெரிய ஆஸ்பத்திரியில படம் எடுக்க எழுதிக் குடுப்பேன். பாதிப் பேர் திரும்பி வரமாட்டாங்க. ஒரு நாள் கூலி போயிடும்ல? அப்புறம் வரும்போது முத்திப்போயிருக்கும். அதான் மிஷினை அவங்ககிட்ட கொண்டு போலாம்னு ரெண்டு பேரும் வேலையை விட்டோம். முதல்ல செஞ்சதைத் தூக்க நாலு ஆள் வேணும், பத்துப் படம் எடுத்தா சூடாகி நின்னுடும். எங்க மாமியார் அதுக்கு இட்லி குண்டான்னு பேர் வெச்சாங்க. எல்லாருக்கும் இலவசமாவே செஞ்சு பார்த்தோம், கம்பெனி மூடற நிலைமை. இப்ப ஆஸ்பத்திரிங்களுக்கு மிஷினை விக்கிறோம். அந்தக் காசுலதான் இந்த கேம்ப்."

"நானும் ரெண்டாவது தறி வாங்கும்போது தூங்கலம்மா" என்றார் பாவா. அதற்குமேல் அவர் கிண்டல் செய்யவில்லை. வெளியே வந்ததும் அக்காவிடம் மட்டும் ஆரம்பித்தார். "கொண்டையா தூக்கிக் கட்டியிருந்தா போதுமாம். மொட்டை வீண்தானே?"

"சும்மா இருய்யா. அந்த முருகன் கூப்பிடலன்னா நாம இந்த மண்டபத்துக்கு வந்திருப்பமா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. முடி இருந்திருந்தாலும் கொண்டை போடச் சொல்லித்தான் எடுத்திருப்போம் என்று டாக்டரம்மா சொன்னார், அது நியாயம். ஆனால் மலைக்கு வராமல் அந்த ஆட்டோவில் ஏறியிருக்க மாட்டோமே.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நெஞ்சுப் படம் எடுக்கும்போது பெண்கள் பின்னலை உச்சியில் கொண்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள், ஈரத் தலையோடு போகாதீர்கள். சங்கிலி, தாயத்து, ஊக்கு எல்லாம் கழற்றி வையுங்கள். அங்கி லூசாக இருந்து கூச்சமாக இருந்தால் பெண் ஊழியரைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பழைய படத்தைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். எனக்கு அன்று மொத்தச் செலவு, பூஜைத் தட்டும் சாப்பாடும் சேர்த்து, ஐந்நூற்று நாற்பது.

வியாழக்கிழமை சளி முடிவு வந்தது. டிபி இல்லை. தறியிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசிதான் என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள், தறி ஓட்டும்போது மாஸ்க் போடச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் நான் போன் செய்தபோது அக்கா கிசுகிசுவென்று பேசினாள்.

"சத்தம் போடாதடி. இவ ஆத்தாக்காரி குழந்தைய என் மடியில போட்டுட்டு மத்தியானத்துலேர்ந்து தூங்கறா. கால் மரத்துப் போச்சு, நவுத்த முடியல. அப்புறம் பேசறேன், வை போன."